லாச்சிக்குள் அடித்த போன்

புதுசாக ஆசிரியர் நியமனம் வாங்கிய உங்களுக்கான பயிற்சியில் போன வாரம் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்த ஒரு தங்கச்சி எழுந்து, "டீச்சர், கிளாசுக்குப் போன் கொண்டுவர்ற பிள்ளைய என்ன செய்யணும்?" என்று கேட்டாள். பஸ் போய்விடும் என்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணிநேரம் இருந்தது. பஸ் நிலையத்தில் நின்றபடி எனக்கு நானே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலு வருஷம் படிப்பித்தவளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தைரியமில்லை. அன்றிலிருந்து மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். அவளும் படிப்பாள் என்று நினைக்கிறேன்.

நான் கடைசியாக அதிபராக இருந்தது புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் ரப்பர் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில். பெயர் வேண்டாம். முன்னால் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மேட்டில் பன்சலை, புத்த கோயில். பின்னால் செங்குத்தாக ரப்பர் மலை. மலையின் தோளில் தோட்டக் குடும்பங்களின் வரிசை வீடு, பத்துக் காம்பரா லயம் ஒன்று. எங்கள் சின்னப் பிள்ளைகளின் கட்டடம் மலையை ஒட்டியே இருந்தது. நூற்றுநாற்பது பிள்ளைகள். பதினொரு ஆசிரியர்கள்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது, லயம் லயமாகப் போய், "எப்படியாவது ஒரு டச் போன் வாங்குங்க, இல்லாட்டிப் பிள்ளையோட படிப்பு போயிரும்" என்று கெஞ்சியவள் நான். கம்மலைக் கழற்றி வாங்கினார்கள். கொழும்பில் கடை வேலையிலிருந்த அப்பாமாரிடம் அழுது வாங்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் அதே போனைப் பள்ளிக்கூடத்துக்குள் கண்டால் பறித்து வைத்தவளும் நான்தான். பறித்ததை எழுத ஒரு கொப்பி வைத்திருந்தேன். பெயர், தரம், தேதி. பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும்.

அப்போது எங்களிடம் நிரோஷன் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். இருபத்தாறு வயது. அவர் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். எழுதத் தெரியாத அம்மாமாருக்கு அது பெரிய வசதி. குரலிலேயே பேசி அனுப்பினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு வராது, சப்பாத்து நனைந்துவிட்டது, மகள் சோறு சாப்பிட்டாளா பாருங்க. கூடவே ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும் சாமிப் படமும் வந்தன. மூன்று மாதத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, இது பள்ளிக்கூடமா, சந்தையா? மூடுங்க இதை. ஏதாவது சொல்லணும்னா கடிதம் எழுதிப் பிள்ளைகிட்டக் குடுத்து அனுப்பட்டும்."

"டீச்சர், பாதிப் பேருக்கு எழுதத் தெரியாதுங்களே."

"பிள்ளைக்குத் தெரியுந்தானே? பிள்ளை எழுதட்டும்."

மூடிவிட்டார். பிள்ளையே எழுதுகிற கடிதத்தில் பிள்ளைக்கு வேண்டாத சேதி ஒன்றுகூட இருக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தின் தரைவழித் தொலைபேசி பல மாதமாகச் செத்துக் கிடந்தது. என்னுடைய போன் வெளிநாட்டிலிருக்கும் மகளோடு பேசுவதற்கு மட்டும். சத்தத்தை அடைத்துக் கைப்பைக்குள் வைத்திருப்பேன். ஆக, அவசரமென்றால் மலையில் இருக்கும் ஒருவர் எங்களைக் கூப்பிட வழியே கிடையாது. அந்த வழியை அடைத்தது நான்தான்.

அந்த வருஷம் மூன்று நாளாக விடாமல் மழை. மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில் தரம் பத்து பவித்ராவின் பாவாடைப் பையில் வெளிச்சம் தெரிந்தது. கையை நீட்டினேன்.

"அம்மாதான் டீச்சர் குடுத்தாங்க. மழை பலமா இருக்கு, கையில வச்சிருன்னு."

"எல்லாரும் சொல்ற கதைதான். குடு."

கொடுத்தாள். முகம் மட்டும் சுருங்கிப் போனது. கொப்பியில் எழுதி, போனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

முதலாம் பாடம் முடிகிற நேரம் லாச்சிக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. திறந்து பார்த்தால் திரையில் 'மாலா அக்கா' என்று இருந்தது. பள்ளிக்கூட நேரத்தில் இதுகளுக்கு என்ன அரட்டை என்று எரிச்சல். அடுத்தவர் போனை எடுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று வளர்ந்தவள் நான். எடுக்கவில்லை. மூன்றாம் முறை அடித்தபோது பக்கவாட்டிலிருந்த பொத்தானை நசுக்கி அணைத்துவிட்டேன். திரும்ப லாச்சியைப் பூட்டியது நன்றாக நினைவிருக்கிறது. வலயக் கல்விக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டிய படிவமொன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிநேரத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு பெண் தலையிலிருந்து கால்வரை சேற்றோடு என் அறைக்குள் ஓடி வந்தாள். செருப்பில்லை. முழங்கால் கிழிந்து ரத்தம். பவித்ராவின் அம்மா ராஜேஸ்வரி. ரப்பர் பால் வெட்டுகிற பெண். மழையென்றால் வெட்டு இல்லை, அதனால் வீட்டில் இருந்திருக்கிறாள்.

"டீச்சர், எத்தன தரம் அடிச்சேன்! போன் ஓஃப் ஆயிருச்சு. லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. இல்லாத எடத்துல ஊத்து கெளம்பி சேத்துத் தண்ணி வருது. சின்னப் புள்ளைங்க கட்டடத்துக்கு நேர் மேல டீச்சர். புள்ளைங்கள எடுங்க!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? வலயத்தின் அனுமதி இல்லாமல் பள்ளிக்கூடத்தைக் கலைக்கலாமா என்று யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நம் தலைமுறையைக் காகிதம் வளர்த்தது. கையெழுத்தும் முத்திரையும் இல்லாத எதையும் நம்பக் கை வராது. சேற்றோடு ஒருத்தி நேரில் வந்து நின்றும்கூட.

சத்தம் கேட்டு நிரோஷன் வந்துவிட்டார். பின்னாலேயே பவித்ரா. "டீச்சர், அந்தப் போனக் குடுங்க" என்றார். லாச்சியைத் திறக்கச் சாவி கிடைக்காமல் தடுமாறினேன். போனை உயிர்ப்பித்து, பவித்ரா விரலால் கோடிழுத்துத் திறந்தாள். பக்கத்துக் காம்பரா மாலாவின் போனிலிருந்து ராஜேஸ்வரி அனுப்பிய குரல் சேதி நான்கு. ஒரு படம்.

செம்மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு. பக்கத்திலே ஒரு பெண்ணின் வெறுங்கால். வெடிப்பு அந்தப் பாதத்தைவிட அகலம். படம் வந்த நேரம் ஒன்றேகால் மணிநேரத்துக்கு முந்தியது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. மணியடித்தோம். பிள்ளைகளைப் பாதைக்கு அந்தப் பக்கம், மேட்டிலிருந்த பன்சலை மண்டபத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். அப்போது ராஜேஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், எங்க மாமனாரு மேல வீட்டுல படுத்துக்கெடக்குறாரு. பக்கவாதம். இவ்வளவு நேரமா தூக்கப் பாத்தேன், முடியல. லயத்துல இன்னிக்கு ஆம்பள ஆளு இல்ல. நிரோஷன் சேரக் கொஞ்சம் அனுப்புங்க."

பள்ளிக்கூடத்தில் அன்று வலுவுள்ள ஆண் நிரோஷன் மட்டும்தான். முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கித்தான் கடத்த வேண்டும். நிரோஷன் என் முகத்தைப் பார்த்தார்.

"முதல்ல பிள்ளைங்க. பிறகு போங்க" என்றேன்.

ராஜேஸ்வரி தானும் இரண்டு பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. பன்சலையின் சின்ன ஹாமுதுரு, அந்த இளம் பிக்குவும் வந்து பிள்ளைகளைத் தூக்கினார். இரண்டு தரம் எண்ணினேன், நூற்றுநாற்பதில் அன்று வந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நிரோஷனும் ராஜேஸ்வரியும் மலைப்பாதையில் ஏறினார்கள். முதல் வளைவைத் தாண்டவில்லை, மலை இறங்கியது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. சின்னப் பிள்ளைகளின் கட்டடத்தில் பின்சுவரும் இரண்டு வகுப்பறையும் போயின. லயத்தில் நான்கு காம்பரா போயின. மற்றவர்கள் பிள்ளைகுட்டியோடு முன்னமே வெளியே ஓடியிருந்தார்கள். ராஜேஸ்வரி தன் மாமனாரைக் கொண்டுபோயிருப்பாள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் அவரை எடுத்தார்கள்.

பிள்ளைகளை முதலில் எடுத்த முடிவுக்காக நான் வருந்தவில்லை. நீங்களும் அதையே செய்ய வேண்டும். ஆனால் அந்த ஒன்றேகால் மணிநேரம் என் கையில் இருந்திருந்தால் அப்படியொரு முடிவே தேவைப்பட்டிருக்காது. பிள்ளைகளையும் கடத்தியிருக்கலாம், கிழவரையும் இறக்கியிருக்கலாம். அந்த நேரத்தை மலை எடுக்கவில்லை. நான் பூட்டி வைத்திருந்தேன்.

விசாரிக்க வந்தவர்கள் யாரும் லாச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. மாணவர்களைக் காப்பாற்றிய அதிபர் என்று கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ராஜேஸ்வரியும் அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போர்த்திய துணியின் ஜரிகை கழுத்தில் அரித்துக்கொண்டேயிருந்தது.

குற்றவுணர்ச்சி நல்ல ஆசிரியராக்கும் என்று நினைக்காதீர்கள். என்னை அது மறுபக்கம் தள்ளிவிட்டது.

பெற்றோர் குழுவைத் திறக்கச் சொன்னேன். பிள்ளைகளின் போனைப் பறிப்பதையும் நிறுத்தினேன். என் போனைச் சத்தமாக வைத்து எந்நேரமும் கையில் பிடித்துக்கொண்டேன். வருகிற எல்லாச் சேதியையும் படித்தேன், எல்லாவற்றையும் நம்பினேன். அடுத்த மழைக்காலம். ஒரு நாள் காலையில் ஒரு வீடியோ வந்தது. மலையொன்று சரிந்து வீடுகளை விழுங்குகிறது. மேலே சிவப்புச் சிங்கள எழுத்தில் எங்கள் பகுதியின் பெயர். ஒருவர் "இக்மனட்ட யன்ன, இக்மனட்ட யன்ன" என்று சீக்கிரம் போகச் சொல்லிக் கத்துகிறார். அதே வீடியோ பத்து நிமிஷத்துக்குள் இருபது முப்பது பேரிடமிருந்து வந்தது. மணியை நோக்கி ஓடினேன்.

"டீச்சர், ரெண்டு நிமிஷம் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்று நிரோஷன் குறுக்கே வந்தார்.

"போன தடவையும் நேரத்தத் தொலைச்சோம் தம்பி!"

மணியை அடித்துவிட்டேன். முன்பு நடந்தது பிள்ளைகள் எல்லாருக்கும் நினைவில் இருந்தது. வரிசையில் போகவில்லை, அலறிக்கொண்டு ஓடினார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று மழைநீர்க் கானில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பன்சலை மண்டபத்தில் அதன் அழுகையைக் கேட்டுக்கொண்டே நிரோஷன் போனை என்னிடம் நீட்டினார்.

"இந்த வாகனங்களப் பாருங்க டீச்சர். எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கமாப் போகுது. இது நம்ம நாடே இல்ல. எழுத்தும் சத்தமும் யாரோ ஒட்டுனது."

இரண்டு நிமிஷம்தான் கேட்டிருந்தார்.

யார் யார் அதைப் பரப்பினார்கள் என்று பிறகு பார்த்தோம். தரம் பத்து, பதினொன்று பிள்ளைகள்தான் அதிகம். போனைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கக்கூடிய பிள்ளைகள். எனக்கு ஒரு பொத்தான் தேட ஒரு நிமிஷம் என்றால் அதற்குள் அவர்கள் பத்துப் பேருக்கு அனுப்பி முடித்திருப்பார்கள். ஒருவர்கூட அதை முழுசாகப் பார்த்திருக்கவில்லை. பவித்ராவும் ஒரு கூட்டாளியின் போனிலிருந்து அனுப்பியிருந்தாள். "ஏன் பிள்ளை, உனக்குமா?" என்றேன். "பயந்துட்டேன் டீச்சர். எல்லாரும் அனுப்புனாங்க" என்றாள். நானும் அதே காரணத்துக்காகத்தான் மணியடித்தேன். வயதில் நாற்பது வருஷ வித்தியாசம், புத்தியில் ஒன்றுமில்லை.

அந்த வீடியோவை அனுப்பாத பெற்றோரில் ராஜேஸ்வரி ஒருத்தி. அந்தச் சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தொழிற்சாலைப் பக்கம் தகரக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாதுங்களே. தெரியாதத எப்படி அனுப்புறது? அப்புறம் வெளிய வந்து மலையப் பாத்தேன். தண்ணி தெளிவாத்தான் ஓடுச்சு."

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் வாசிக்கப் பழக்கிய பிள்ளைகள் வாசித்ததை அப்படியே நம்பினார்கள். வாசிக்கத் தெரியாத அம்மா வெளியே வந்து மலையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக வகுப்பில் நாங்கள் எதைத்தான் படிப்பித்தோம்?

ராஜேஸ்வரியைத் தரம் பதினொன்று வகுப்புக்கு வரச் சொன்னேன். மறுத்தாள். "நான் என்னத்தப் பேச?" நிரோஷன் போய்ப் பேசி அழைத்து வந்தார். பவித்ரா வெட்கத்தில் மேசைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். அந்த வெடிப்புப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினோம். ஒரு பிள்ளை கேட்டாள், "ஆன்ட்டி, காலு ஏன் வச்சீங்க?"

"வெறும் மண்ணக் காட்டுனா எங்குட்டு மண்ணோன்னு நெனைப்பாங்க. காலு வச்சா அளவு தெரியுந்தானே." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இல்லாட்டி டீச்சர் நம்புவாங்களா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பெற்றோர் குழுவில் ஒரு ஒழுங்கு வந்தது. ஒரு சேதி வந்தால் பார்த்தவர் யார், எங்கே நின்று பார்த்தார், எத்தனை மணிக்கு என்று கேட்போம். பதிலில்லாத சேதியை யாரும் நகர்த்தக் கூடாது. மலையோரம் இருக்கும் ஐந்து அம்மாமாரின் எண்கள் மட்டும் என் போனில் தனிச் சத்தத்தோடு அடிக்கும். பிள்ளைகளின் போன்களை வகுப்பு மேசையில் ஒரு பெட்டியில் வைத்தோம். பூட்டு இல்லை. அடித்தால் ஆசிரியர் எடுத்துப் பேசுவார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பெட்டியிலிருந்து போனை எடுத்து மலசலகூடத்துக்குள் விளையாடிய பிள்ளைகளைப் பிடித்தோம். இப்போது வீட்டுவேலைக் கட்டுரையைப் போனே எழுதிக் கொடுக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் மூன்று பிள்ளைகள் ஒரே பிழையை ஒரே வசனத்தில் எழுதி வந்தார்கள். பிரம்பெடுக்கக் கை துடித்தது. "இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். ஒருத்தி தேடிப் பார்த்துத் திருத்திக்கொண்டு வந்தாள். மற்ற இருவரும் வேறொரு போனில் எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்றில் ஒன்று. அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. பிரியாவிடைக்கு ஏற்பாடுகள் நடந்தன. எனக்குப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார முடியவில்லை. ஒரு காலை, வெட்டு நேரம் பார்த்து ரப்பர் மலைக்கு ஏறினேன். ராஜேஸ்வரி சிரட்டைகளிலிருந்து பாலை வாளிக்குள் வழித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறினாள்.

"என்ன டீச்சர், பவித்ராவுக்கு ஏதும்…?"

"இல்ல ராஜேஸ்வரி. ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உன்னோட போன் தானா ஓஃப் ஆகல. சிக்னலும் போகல. மூணாவது தரம் அடிச்சப்ப நான்தான் அணைச்சேன். என் கையாலதான்."

அவள் சிரட்டையைக் கவனமாக வழித்து முடித்தாள். மரத்தில் அதைத் திரும்ப மாட்டினாள்.

"தெரியும் டீச்சர். அன்னிக்கே பவித்ரா சொல்லிட்டா. அந்தப் போன் தானா ஓஃப் ஆகாதுன்னு."

"இவ்வளவு நாளா ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா என்ன, மாமா வரப் போறாரா? நீங்க சொல்லுவீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். பொன்னாடை போட்டாங்களே, அன்னிக்குச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்லல."

மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் மலை ஏறினேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அதைக் கேட்பதே பாரத்தை அவள் தலையில் ஏற்றுவதுபோல் இருந்தது. அங்கேயே நின்றேன். அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

"சரி, சொல்லிட்டீங்க. இனிமே நான் அதையே நெனச்சுக்கிட்டு இருக்க வேணாம். நீங்க நெனச்சுக்குங்க டீச்சர்."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.